ஓய்வு நேரத்துக்கு ஐந்து புள்ளி

திருகோணமலையில் உளவளத்துணை வேலைக்கு வந்த புதிதில் என் பையில் எப்போதும் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று பிஎச்கியூ-9, மனச்சோர்வை அளக்கும் தாள். கடந்த இரண்டு கிழமை எப்படிப் போனது என்று ஒன்பது கேள்வி கேட்கும், மொத்தம் 27 புள்ளி, பத்து வந்தாலே கவனிக்க வேண்டும். மற்றது உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரத் தாள், 26 கேள்வி.

உப்புவெளிப் பக்கம் ஒரு வீடு (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). பொடியனுக்கு 22 வயது. இரண்டு தடவை ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதி, வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு வீட்டில் இருக்கிறான். பக்கத்துக் கதிரையில் தாய். ஓய்வு, பொழுதுபோக்குக்கு எவ்வளவு வாய்ப்புக் கிடைக்கிறது என்று கேட்டதும் சிரித்துவிட்டான். "அக்கா, எனக்கு முழு நாளும் ஓய்வுதானே." தாளின்படி அது ஆகக்கூடிய ஐந்து புள்ளி, நானும் போட்டேன். வேலை இல்லாததாலேயே ஒருவனுடைய வாழ்க்கைத் தரம் ஏறிவிட்டது! மற்றத் தாளில் தூக்கத்துக்கு ஒன்று, மிச்சமெல்லாம் பூச்சியம்.

பத்துப் பன்னிரண்டு நாளில் தாய் போன் எடுத்தா. "மிஸ், அவன் சாப்பிடுறான் இல்ல, கதைக்கிறதும் இல்ல."

தாயை வைத்துக்கொண்டு கேட்டது என் பிழை. அடுத்த முறை டச்பே கடற்கரைக்கு வரச்சொன்னேன், தாளை வெளியே எடுக்கவே இல்லை. கவலையா என்று கேட்டால் எங்கட பொடியன்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். "யோசினை கூடவா தம்பி?" என்றேன். கச்சான் பையை மடித்து மடித்து விரல் நகமளவு ஆக்கும்வரை பேசாமல் இருந்தான். பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தான், கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுச் சின்னவனுக்குக் கொடுத்துவிட்டதையும் சேர்த்து. சாகும் எண்ணம் வருமா என்ற ஒன்பதாவது கேள்வியை வாய்விட்டே கேட்டேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று பயிற்சியில் படித்ததுதான், ஆனாலும் கை வியர்த்தது. "சில நாள்" என்றான்.

இரவுக்கென்று 1926 இலக்கத்தைக் கொடுத்தேன், தேசிய மனநல உதவி இலக்கம். தாய் பார்த்துவிடுவா என்று 'கராஜ்' என்ற பெயரில் போனில் போட்டுக்கொண்டான். மறுநாளே மனநலக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். கூப்பிடும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, தெரிந்த ஆட்கள் வந்துவிடுவார்களாம். சரி, குளிசை தொடங்கியது, ஐந்தாம் நாளே பிரயோசனமில்லை என்று நிறுத்திவிட்டான். இது பெனடோல் இல்லை, வேலை செய்யத் தொடங்கவே இரண்டு, நான்கு கிழமை செல்லும் என்று நானாவது முதலிலேயே விளக்கியிருக்கலாம். திரும்பத் தொடங்க வைத்தோம்.

இப்போது மாமாவின் இரும்புக்கடையில் நிற்கிறான். சில இரவுகள் இன்னும் தூக்கமில்லை. போன மாதம் பழைய தாளையே மறுபடி எடுத்தேன், ஓய்வுக் கேள்வி வந்தது.

"எங்க அக்கா நேரம், கடை பூட்டவே எட்டு மணியாகுது."

இரண்டு புள்ளி போட்டேன்.