லா கின்டாவில் ஒரு சுற்று: சான் ஆண்ட்ரியாஸ் பள்ளமும் அல்கட்ராஸ் தீவும்

கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில், சான்டா ரோசா மலைகளின் அடிவாரத்தில் லா கின்டா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பி.ஜி.ஏ. வெஸ்ட் விடுதி வளாகத்தின் ஸ்டேடியம் கோல்ஃப் திடலில் ஒருமுறையேனும் ஆடிவிட வேண்டும் என்ற என் நெடுநாள் ஆசை, ஒரு பிப்ரவரி மாதக் காலையில் நிறைவேறியது.

முதல் டீயில், அதாவது பந்தை முதலில் அடிக்கும் இடத்தில், நின்றபோது விரல்கள் விறைக்கும் அளவுக்குக் குளிராக இருந்தது. பாலைவனம் என்றாலே வெயில் என்று எண்ணிச் சென்ற எனக்கு இது புதிது. கோடையில் அங்கே வளரும் பெர்முடா புல் குளிர்காலத்தில் பழுத்து உறங்கிவிடும் என்பதால், இலையுதிர் காலத்திலேயே அதன்மேல் ரை புல் விதைத்துவிடுகிறார்கள். கருகிய பழுப்பு மலைகளுக்குக் கீழே விரிந்திருந்த அந்தப் பச்சையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தாக்கின் தரை இயல்பில் தட்டையானது. திடலில் நாம் காணும் மேடு, பள்ளம், ஏரி எல்லாம் பீட் டை என்ற வடிவமைப்பாளர் மண்ணைத் தோண்டியும் குவித்தும் உண்டாக்கியவை. 1986இல் திறக்கப்பட்ட இத்திடலில், போட்டிகளைக் காண வருவோர் அமர்வதற்காக எழுப்பிய மேடுகளே ஸ்டேடியம் என்ற பெயருக்குக் காரணம். அதே மேடுகள் ஆடுபவரை மிரட்டவும் செய்கின்றன. டீயிலிருந்து பார்த்தால் ஃபேர்வே என்ற புல்வெட்டிய ஆட்டப்பாதை ஒரு ஒற்றையடிப் பாதை போலத்தான் தெரிகிறது. நடந்து சென்று திரும்பிப் பார்த்தால், தாராளமாக அகன்று கிடக்கிறது. இதை உணர்வதற்குள் மூன்று ஹோல்களில் (டீயிலிருந்து குழிவரையான ஆட்டப்பகுதிகளில்), இடப்பக்க மணலுக்கு அஞ்சி வலப்பக்க மேடுகளுக்குள் பந்தை அடித்திருந்தேன்.

1987இல் பாப் ஹோப் என்ற தொழில்முறை கோல்ஃப் போட்டி இங்கே நடந்தபோது, தொழில்முறை வீரர்களே இத்திடல் அளவு மீறிக் கடினமாக இருக்கிறது என்று முறையிட்டார்கள். அதன்பின் அந்தப் போட்டி 2016இல்தான் இங்கே திரும்பி வந்தது. மிகத் தொலைவிலுள்ள பின்டீயிலிருந்து 250 கெஜத்துக்கும் மேல் நீரைத் தாண்டி அடிக்க வேண்டிய ஆறாவது ஹோலைப் பார்த்தபோது, அவர்களின் முறையீட்டை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. நான் நடுத்தர டீயிலிருந்தே ஆடினேன். முதல்முறை செல்பவர்கள் அப்படி ஆடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

குழி இருக்கும் கிரீன் என்ற வழுவழுப்பான புல்தரைகளில் எனக்குத் துணை நின்றவர், எங்களோடு சேர்ந்து ஆடிய அவ்வூர்ப் பெரியவர் ஒருவர். மேடு போலத் தெரிந்த பக்கம் பந்து தானாக ஓடுவதைக் கண்டு நான் இருமுறை மூன்று பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) அடித்த பிறகு, “இண்டியோ எந்தத் திசையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், பந்து அங்கேதான் போக விரும்பும்” என்றார். பள்ளத்தாக்கு கிழக்கே இண்டியோ நகர்ப்பக்கம் தாழ்கிறது; மலைகளை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அந்தச் சரிவு புலப்படுவதில்லை.

16ஆவது ஹோலின் கிரீனுக்கு இடப்புறம் இருக்கும் பங்கர் என்ற மணற்பள்ளத்துக்குச் சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலநடுக்கப் பிளவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆழம் ஏறக்குறைய 20 அடி. என் மூன்றாவது அடி அதற்குள் சென்று விழுந்தது. உள்ளே இறங்கி நின்றால் குழியைக் காட்டும் கொடி தெரிவதில்லை, கிரீனும் தெரிவதில்லை. புல் படர்ந்த ஒரு சுவரும் அதற்கு மேல் வானமும் மட்டுமே தெரிகின்றன. முதல் முயற்சியில் பந்து சுவரின் பாதி உயரத்தில் மோதி, மெல்ல உருண்டு என் காலடிக்கே வந்து நின்றது. இரண்டாவது முயற்சியும் அப்படியே முடிந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்த டிப் ஓ’நீல், இதே பள்ளத்தில் பலமுறை முயன்றபின் பந்தைக் கையால் எடுத்து மேலே எறிந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் கொடிக்கு முதுகைக் காட்டி, வந்த வழியே ஃபேர்வேக்குப் பந்தை அடித்து வெளியேறினேன். அந்த ஹோலுக்கு மொத்தம் ஒன்பது அடிகள் ஆயின.

அடுத்தது, சிறைத் தீவு ஒன்றின் பெயரால் அல்கட்ராஸ் என்று அழைக்கப்படும் 17ஆவது ஹோல். சுற்றிலும் நீர், கரை முழுவதும் பாறைகள், நடுவில் கிரீன். பீட் டை ஃபுளோரிடாவில் அமைத்த சாக்ராஸ் திடலின் 17ஆவது ஹோலும் இத்தகைய தீவுதான். ஆனால் அங்கே கரையை மரப்பலகைகள் தாங்குகின்றன. இங்கே பாறையில் பட்ட பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. 1987இல் அமெரிக்க கோல்ஃப் வீரர் லீ ட்ரெவினோ ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டு 1,75,000 டாலர் வென்றது இந்த ஹோலில்தான். கையில் எடுத்த ஏழாம் எண் அயர்ன் மட்டையைப் பையில் திரும்ப வைத்துவிட்டு, இன்னும் தூரம் அடிக்கும் ஆறாம் எண்ணை எடுத்தேன். அதுவரை 16 ஹோல்களில் கண் சொன்னதை நம்பி ஏமாந்திருந்தேன். இம்முறை தீவு சிறியது என்று அது சொன்னதை நம்பவில்லை. பந்து கிரீனின் பின்பாதியில் விழுந்து, ஒருமுறை துள்ளி, பாறைகளுக்கு நான்கைந்து அடி முன்பாக நின்றது. பாலத்தைக் கடந்து சென்று, அது பதித்திருந்த சிறு பள்ளத்தைக் கருவியால் நிதானமாகச் சரிசெய்தேன். இரண்டு பட்; அந்த ஹோலுக்கு வகுத்த மூன்று அடிகளிலேயே முடித்துவிட்டேன், அதாவது பார்.

18ஆவது ஹோலின் இடப்பக்கம் முழுவதும் நீர். வலப்பக்கமாகவே சென்று பாரைவிட ஓர் அடி கூடுதலான போகியுடன் முடித்தேன். அட்டையில் மொத்தம் 98 அடிகள் என்று எழுதிக் கையொப்பமிட்டபோது, அந்தப் பெரியவர் 17ஆவது ஹோலின் கட்டத்திலிருந்த 3 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் கைகுலுக்கினார்.