அந்த மணி இசை எந்த நிலையத்துடையது?

மார்ச் 3

மணி அடிப்பது போன்ற சில சுரங்கள். அவசரமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பாதியில் விட்டதுபோல் நின்றுவிடும். கொஞ்சம் அமைதி. மறுபடியும் அதே சுரங்கள். இப்படியே சில நிமிடம் போன பிறகு ஓர் ஆண் குரல், புரியாத மொழியில். எண்பதுகளில், சின்ன வயதில், இரவு நேரத்தில் சிற்றலை ரேடியோவில் கேட்டது. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பறவையும் நினைவுக்கு வருகிறது. மணிக்கு முன்னால் கத்தியதா, பின்னால் கத்தியதா, இரண்டும் சேர்ந்தே கேட்டதா என்று பிரிக்க முடியவில்லை.

ஃபோனில் முனகினால் பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் வசதியில் முனகிப் பார்த்தேன். வரிசையாகக் காதல் பாட்டுகள் வந்தன. அதைக் குறை சொல்லவும் முடியாது. முனகலைப் பதிவான பாட்டுகளின் மெட்டோடுதான் அது ஒப்பிடுகிறது. சில நொடி நிலைய ஒலியைப் பாட்டென்று யார் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கப் போகிறார்கள்? இரவு, வானொலிப் பைத்தியம் பிடித்த இணைய நண்பர்களிடம் விவரத்தை எழுதிக் கேட்டுவிட்டேன்.

மார்ச் 4

காலையில் பார்த்தால் பதில்கள் குவிந்திருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே உறுதி, ஆளுக்கொரு நிலையம்! பறவை என்று படித்ததுமே பாதிப் பேர் ரேடியோ ஆஸ்திரேலியா என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அங்கே குக்கபுரா பறவையின் சிரிப்பும் ‘வால்ட்சிங் மட்டில்டா’ மெட்டும் நிலைய அடையாளமாக இருந்தன. மணி என்பதைப் பிடித்துக்கொண்ட ஒருவர் பிபிசி ஒலிபரப்பிய லண்டன் ‘போ’ தேவாலய மணிகள் என்றார். இன்னொருவர் சுவிட்சர்லாந்து வானொலியின் இசைப்பெட்டி என்றார். எல்லாரும் லிங்க்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள்.

முதல் லிங்க்கைத் திறக்கப் போகும் நேரத்தில் எங்கள் கூட்டத்தின் மூத்தவர் தனியாகச் செய்தி அனுப்பினார். கேட்டதற்கு அத்தாட்சியாக நிலையங்கள் அனுப்பும் கியூஎஸ்எல் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருக்கும் பழைய டிஎக்ஸர், அதாவது தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பவர். “தம்பி, எதையும் திறக்காதீங்க. ஒரு தடவை கேட்டுட்டீங்கன்னா உங்களோடது எது, அவங்க கொடுத்தது எதுன்னு அப்புறம் உங்களாலயே சொல்ல முடியாது. முதல்ல முனகிப் பதிவு பண்ணுங்க. ஞாபகத்துல இருக்கிற எல்லாத்தையும் எழுதுங்க, அசட்டுத்தனமா தோணினாலும் பரவாயில்ல.”

நியாயமாகத்தான் பட்டது. எல்லா லிங்க்கையும் அப்படியே விட்டுவிட்டேன். கை அரிக்கிறது.

மார்ச் 5

முனகிப் பதிவு செய்தாயிற்று. என் குரலை நானே கேட்பது ஒரு தண்டனை. அதன் பிறகு மூத்தவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

அவர் கேட்கும் விதத்தைக் கவனித்தேன். “மணிச் சத்தமா?” என்று கேட்கவே இல்லை. “எதை எதால தட்டின மாதிரி இருந்தது?” என்றார். “பறவை சிரிச்சுதா?” என்று கேட்காமல், “பறவை என்ன பண்ணுச்சு?” என்றார். இரண்டு குரலில் மாறி மாறி விசிலடித்தது என்று எழுதினேன். ஒன்று கூப்பிட, உடனே இன்னொன்று பதில் சொன்ன மாதிரி. கூட்டமாகச் சிரிக்கும் குக்கபுராவுக்கு இது பொருந்தாது என்று எனக்கே தோன்றியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒலி ஏறி இறங்கியதா என்று கேட்டார். ஆமாம், பெரிதாகித் தேய்ந்து மறுபடி பெரிதாகும். அது இசையில் இருந்ததல்ல, வழியில் சேர்ந்தது என்றார். சிற்றலை, வானில் உயரத்தில் மின்னூட்டம் பெற்றிருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. வெவ்வேறு பாதையில் வந்தவை ஒன்றோடொன்று கூடும்போது பலக்கும், ஒன்றையொன்று அடிக்கும்போது மங்கும். இத்தனை வருஷமாக அந்த ஏற்ற இறக்கத்தையும் மெட்டின் பகுதியாகவே வைத்திருந்திருக்கிறேன்.

இருட்டிய பிறகுதான் கேட்டேன் என்பதையும் குறித்துக்கொண்டார். குறைந்த அலைவரிசைகளைப் பகலில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்து 49, 41, 31 மீட்டர் சிற்றலைப் பட்டைகளெல்லாம் உயிர் பெறும். ஆக அந்தப் பக்கம்தான் தேட வேண்டும்.

இப்படிச் சில சுரங்களையே திரும்பத் திரும்பப் போடுவதற்குக் காரணம் உண்டு. எண் காட்டும் திரை இல்லாத காலம். ரேடியோவின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தித்தான் நிலையத்தைப் பிடிக்க வேண்டும். ஒலிபரப்பு தொடங்குவதற்குச் சில நிமிடம் முன்பிருந்தே அடையாள ஒலியைப் போட்டால், நேயர் தேடிப் பிடித்துவிடுவார். இதற்கு இன்டர்வல் சிக்னல் என்று பெயர். ஏறக்குறைய ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று இருந்தது.

கடைசியாக, வேறு ஏதாவது உண்டா என்றார். இரண்டு விஷயம் எழுதினேன். அந்தப் பறவை முள்ளில் இரண்டு இடத்தில் கேட்கும். மணி வரும்போது பின்னணியில் கீச்சென்று மெல்லிய, ஒரே சீரான சத்தம் விடாமல் இருக்கும். எங்கள் ரேடியோ பழுது என்று நினைத்திருந்தேன். பறவை இரண்டு இடத்தில் உட்கார்ந்ததைப் படித்துவிட்டு நண்பர்கள் இரவெல்லாம் ஓட்டினார்கள்.

மார்ச் 7

உளவியல் படித்த தோழி ஒருவர் மூத்தவரின் கட்சி. அவர் சொன்னது: 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் போட்டுக் காட்டிவிட்டு வேகம் என்ன என்று கேட்டார்கள். சிலரிடம் கார்கள் “மோதியபோது” என்றும், சிலரிடம் “நொறுங்க மோதியபோது” என்றும் கேள்வி. இரண்டாவது கூட்டம் அதிக வேகம் சொன்னது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டபோதும் அந்தக் கூட்டத்தில்தான் ‘பார்த்தேன்’ என்றவர்கள் அதிகம். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

ஒரு வினைச்சொல்லுக்கே இந்தக் கதி என்றால் முழு ஒலிப்பதிவு என்ன செய்யும்! லிங்க்கைத் திறக்காமல் இருப்பது இப்போது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

மார்ச் 9

மூத்தவர் பெயரில்லாத ஒலிக் கோப்புகளாக அனுப்பினார். எண் மட்டும் உண்டு. சரியானது அதில் இருக்கிறதா என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்றார். சாட்சிக்கு முன்னால் சந்தேக ஆட்களை வரிசையாக நிறுத்துவார்களே, அப்படி.

முதலாவது கனமான தேவாலய மணி. இல்லை. அடுத்தது பறவைச் சிரிப்பு, குக்கபுராவாகத்தான் இருக்க வேண்டும். அழகாக இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. இசைப்பெட்டியில் ஒரு கணம் தடுமாறினேன். சுரங்கள் மிக நெருக்கம். இன்னொன்று அதிர்ந்து அதிர்ந்து ஒலித்தது, அதுவும் இல்லை. ஐந்தாவது தொடங்கியதும் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த சுரம் என்ன என்பது அது வருமுன்பே தெரிந்தது. அது நிற்கும் இடத்தில் நானும் நின்றேன்.

“ஐந்து” என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மார்ச் 10

டாய்ச்ச வெல்லே. ஜெர்மன் வானொலி, 1953 மே மாதம் தொடங்கியது. மெட்டு பேத்தோவனின் ‘ஃபிடெலியோ’ ஓபராவில் வருவது. வாசித்த கருவி செலஸ்டா. பார்க்கச் சின்ன பியானோ மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே சுத்தியல்கள் தந்தியை அடிக்காமல் உலோகத் தகடுகளை அடிக்கும். மணி என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

மூத்தவர் என் முனகலையும் அந்தப் பதிவையும் அடுத்தடுத்து ஒட்டி எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். சுதி எங்கோ போயிருந்தாலும் நடை அப்படியே இருக்கிறதாம். சுதியைப் பற்றிய விமரிசனங்களை இங்கே எழுதப் போவதில்லை.

ஓபராவில் அந்த இடம் கடைசிக் காட்சியில் வருகிறது. சிறையில் அநியாயமாக அடைபட்டவர்களை விடுவிக்க வந்த அமைச்சர் பாடுவது. சகோதரன் தன் சகோதரர்களைத் தேடுகிறான், உதவ முடிந்தால் மகிழ்ந்து உதவுகிறான் என்று அர்த்தம். ஊர் பேர் தெரியாதவர்கள் எனக்காக இத்தனை நாள் மெனக்கெட்ட பிறகு இதைப் படிக்க வேடிக்கையாக இருந்தது. மூத்தவரிடம் சொன்னேன். “அதெல்லாம் இருக்கட்டும், பறவை என்னாச்சு?” என்றார்.

மார்ச் 12

பறவைக்கு இரண்டாவது அணிவகுப்பு. இதில் தயக்கமே இல்லை. மாறி மாறி விசிலடிக்கும் ஜோடி கேட்டதுமே தெரிந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ரேடியோ ஆர்எஸ்ஏ; 1966-இல் தொடங்கி 1992 வரை அந்தப் பெயரில் இயங்கியது. பறவை போக்மகீரி. ஆணும் பெண்ணும் சேர்ந்து இரட்டைக் குரலில் பாடும் இனம். பதிவில் பறவையோடு கிட்டார் மெட்டும் வருகிறது. அது எனக்குத் துளியும் நினைவில்லை. பறவையின் கூர்மையான விசில் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும், கிட்டார் அதில் அமுங்கியிருக்கும் என்பது தோழியின் ஊகம்.

சரி, ஜெர்மன் மணிக்கும் தென்னாப்பிரிக்கப் பறவைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை, வேறு வேறு இரவில் கேட்டதை மூளை ஒட்டவைத்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். லாஃப்டஸைப் பற்றிப் படித்த பிறகு நானும் தலையாட்டினேன்.

மார்ச் 13

மூத்தவர் தலையாட்டவில்லை. 5-ஆம் தேதி நான் எழுதியதை எடுத்து எனக்கே திருப்பி அனுப்பினார். அந்தக் கீச்சென்ற சத்தம் இருக்கும் வரியின் கீழ் கோடு.

விளக்கம் இது. சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கும். நல்ல ரேடியோ ஒன்றைப் பிரித்து எடுக்கும். சாதா ரேடியோவின் வடிகட்டி அகலமானது, பக்கத்து நிலையத்தையும் உள்ளே விட்டுவிடும். அப்போது இரண்டின் ஒலியும் கலந்து வருவதோடு, இரண்டு அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசமே தனியாக ஒரு விசிலாகக் கேட்கும். 5 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் என்றால் மெல்லிய, சீரான கீச்சு.

இரண்டு இடத்தில் உட்கார்ந்த பறவைக்கும் அவரிடம் பதில் இருந்தது. அந்தக் கால ரேடியோக்கள் பெரும்பாலும் எந்த அலையையும் முதலில் 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் பெருக்கின. அப்படி மாற்றும்போது அதன் இரு மடங்கு, அதாவது 910 கிலோஹெர்ட்ஸ், தள்ளி நிற்கும் நிலையமும் நுழைந்துவிடும். அதைத் தடுக்கும் ஏற்பாடு மலிவான ரேடியோக்களில் சொற்பம். பலமான நிலையம் ஒன்று முள்ளில் இரண்டு இடத்தில் கேட்பது அன்றைக்குச் சாதாரணம்.

அப்படியானால் மணியும் பறவையும் கலந்தது மண்டைக்குள் அல்ல, ரேடியோவுக்குள்ளேயே நடந்திருக்கலாம். நான் கேட்டதைக் கேட்டபடியே வைத்திருந்திருக்கிறேன்! இதை எல்லாரும் பார்க்கும்படி எழுதச் சொன்னேன், எழுதினார். ஓட்டியவர்களில் ஒருவர் மட்டும் கைகூப்பும் பொம்மை போட்டார்.

இரண்டு நிலையங்களும் அடுத்தடுத்த அலைவரிசையில் இருந்த பருவம் எது என்று பார்க்கத் தன்னிடமுள்ள பழைய வானொலிக் கையேடுகளை எடுத்து வைத்திருக்கிறாராம். நிலையங்கள் பருவத்துக்குப் பருவம் அலைவரிசை மாற்றும், எனக்கோ வருஷமே சரியாகத் தெரியாது. அவருக்கு அதில்தான் ருசி போல.

மார்ச் 16

கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி இன்று கேட்டார்: சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட ஒன்று, டிரம் மாதிரி, மூன்று தட்டு, ஒரு இடைவெளி, எந்த நிலையம்?

நான் அவசர அவசரமாகத் தட்டினேன்: “யாரும் எதுவும் அனுப்பாதீங்க. தம்பி, முதல்ல நீங்க அதை மேஜையில் தட்டிப் பதிவு பண்ணுங்க.”

அனுப்பி முடிப்பதற்குள் அவருக்கு நான்கு லிங்க் வந்துவிட்டது. முதலாவதைக் கேட்டுவிட்டு, “அட, இதேதான்!” என்கிறார். இரண்டாவதைக் கேட்டுவிட்டும் அதையேதான் சொல்கிறார்.