வெள்ளீயத் தகட்டில் பதிந்த போர்

இரண்டு நாளாக சிகாகோவின் ரூட் அண்ட் கேடி நிறுவனம்தான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டுப் பியானோவில் வாசிப்பதற்கான இசைத்தாள்களை அச்சிட்டு விற்ற கடை. 1858இல் தொடங்கினார்கள்.

1861 ஏப்ரல் 12, சம்டர் கோட்டையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்தது. மூன்றே நாளில் அதைப் பற்றிய பாட்டு இவர்கள் கடையில் விற்பனைக்கு வந்துவிட்டது! எழுதியவர் கடையின் இரு கூட்டாளிகளில் ஒருவரான ரூட்டின் அண்ணன் ஜார்ஜ் ரூட். அந்தக் காலத்தில் இசைத்தாள் அச்சிடுவது சாமானிய வேலையா? வெள்ளீயம் கலந்த தகட்டில் கோடு கிழித்து, ஒவ்வொரு சுரத்தையும் உளி வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். அதுவும் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் இவர்களுக்குப் பாட்டெழுதிய ஹென்றி கிளே வொர்க். தொழிலால் அச்சுக்கோப்பவர். அடிமைகள் தப்பிக்க உதவியதற்காக மிசௌரியில் சிறை சென்றவர் இவருடைய அப்பா. அந்த வீட்டுப் பிள்ளை, 1862இல் அடிமைகளின் விடுதலையைப் பாடும் பாட்டை எழுதினார் என்று படித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் கறுப்பின மக்களின் பேச்சைக் கொச்சைப்படுத்தும் மேடை வழக்கிலேயே அதை எழுதியிருக்கிறார். அது இன்னும் உறுத்துகிறது.

1871 அக்டோபரில் சிகாகோவே எரிந்தது. கடையும் போயிற்று. இசைத்தாள் தகடுகளைக் கிளீவ்லாந்தின் பிரைனார்ட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அடுத்த வருடமே ரூட் அண்ட் கேடி திவால்.