வினைச்சொல் வரும்வரை கோடு போடாதீர்கள்

இளைஞர் பணியாளருக்கான கிராஃபிக் ஃபெசிலிற்றேசன் (கூட்டத்தில் பேசுவதைக் கேட்டபடியே பெரிய தாளில் சொல்லும் படமுமாகக் கீறுவது) பயிற்சிக்கு ஐரோப்பாவிலிருந்து அழைப்பு வந்தால், மாக்கர் வாங்க ஓடாமல் முதலில் அந்தக் கடிதத்தை வரி வரியாக வாசியுங்கள். எனக்கு வந்ததில் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற வசனமே இல்லை. விசா விண்ணப்பம் வாங்கும் இடத்தில் திருப்பிவிட்டார்கள். கொழும்புக்கு இன்னொரு இரவு பஸ். கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்தில் பெயர், திகதிகள், தங்குமிட முகவரி, பயணம், சாப்பாடு, தங்குமிடம் ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு: இவ்வளவும் கடிதத்தில் இருக்கவேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான பயணக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. பயணத்துக்கு 6 மாதம் இருக்கும்போதிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் முன்பு என்பதுதான் கடைசி எல்லை; அதை நம்பி இருக்காதீர்கள்.

பயிற்சியில் பெட்டி, அம்புக்குறி, ஆள் உருவம், நிழல் எல்லாம் முதல் நாளே கைக்கு வந்துவிடும். படம் கீறத் தெரியாது என்று பயப்படத் தேவையில்லை. சிரமம் எழுத்தில்தான் இருக்கிறது. அங்கே சொல்லித்தருவது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இல்லை. அழுத்தத்தை அளவாலும் தடிப்பாலும்தான் காட்டவேண்டும். இதைப்பற்றி எந்த வளவாளரும் சொல்லமாட்டார், அவருக்குத் தெரிய நியாயமில்லை.

சரிவாக வெட்டிய வாயுள்ள மாக்கரை ஒரே கோணத்தில் பிடியுங்கள். விரலைச் சுழற்றாமல் தோளிலிருந்து கையை அசையுங்கள். ப, ம, ட, ய வடிவாக வரும். சுழி உள்ள எழுத்துகள்தான் அடைபடும். 5 மில்லிமீற்றர் வாயால் சின்னதாக எழுதினால் மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். பின்வரிசையில் இருப்பவர் 'இளைஞர் பணி'யை 'இளைஞர் பனி' என்று வாசிப்பார். அந்தத் தடிப்புக்கு 3 சென்ரிமீற்றர் உயரமாவது வேண்டும். இகரம் மேலே ஏறும், உகரம் கீழே இறங்கும், அதனால் வரிக்கு வரி எழுத்து உயரத்தின் ஒன்றரை மடங்கு இடம் விடுங்கள். 'பங்கேற்பாளர்கள்' போன்ற சொல்லுக்கு முதலே பெட்டி கீறி வைத்தால் 'கள்' வெளியே நிற்கும். எழுத்து முதல், பெட்டி பிறகு.

இதைவிடப் பெரிய சிக்கல் கேட்பதில். ஆங்கிலத்தில் 'இல்லை' என்பது வசனத்தின் நடுவிலேயே வந்துவிடும், கேட்கக் கேட்கக் கீறிக்கொண்டு போகலாம். எங்களுக்கு அது கடைசியில் வரும். "படிச்சா வேலை கிடைக்கும்" என்ற இடத்தில் பட்டத் தொப்பியும் அம்புக்குறியும் போட்டு முடித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு "எண்டு சொல்லேலாது" என்று அந்தப் பிள்ளை முடிக்கும். பலகையில் அவர் சொன்னதற்கு நேர் எதிரான கருத்து, அதுவும் எல்லாருக்கும் முன்னால். ஊருக்கு வந்து நடத்திய முதல் கூட்டத்தில் எனக்கு நடந்தது இதுதான். இப்போது வினைச்சொல் வந்தபிறகே மூடியைக் கழற்றுகிறேன். கெதியாகக் கதைப்பவர் என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல் மட்டும் குறித்துவைப்பேன்.

சாமான் விஷயம். அங்கே பாவித்த நொய்லாண்ட் என்ற ஜேர்மன் நிறுவன மாக்கர்களுக்குத் திரும்ப மை நிரப்பலாம். விமானத்தில் மைப்போத்தலைக் கைப்பையில் வைப்பதென்றால் பல விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றர் எல்லை இருக்கிறது, பெரிய பெட்டிக்குள் போடுங்கள். அவற்றில் 'அவுட்லைனர்' என்ற வகையின் கறுப்பு மை காய்ந்தபின் மேலே நிறம் பூசினாலும் கலங்காது. எங்கள் கடைகளில் கிடைக்கும் தண்ணீர் மை மாக்கர் கலங்கும். ஆகவே நிறத்தை முதலில் பூசி, காயவிட்டு, கறுப்பைக் கடைசியில் போடுங்கள். பேர்மனன்ற் மாக்கர் மெல்லிய தாளை ஊடுருவிச் சுவரில் படும். டிமைத் தாளை (கடையில் கிடைக்கும் பெரிய வெள்ளைத் தாள்) இரண்டு மடிப்பாக வையுங்கள், ஒட்டுவதென்றால் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் மாஸ்கிங் ரேப் நிற்காது. தூளோடு கழன்று வரும். சனசமூக நிலையத்தில் வேலை என்றால் ஒரு கயிறும் உடுப்புக் கிளிப் இருபதும் கொண்டுபோங்கள். மின்விசிறிக்கு நேரே கட்டவேண்டாம்.

படச் சின்னங்களையும் அப்படியே கொண்டுவந்து இறக்காதீர்கள். புகைபோக்கி வைத்த வீடும் பைன் மரமும் எங்கள் பிள்ளைகளின் ஊர் இல்லை. வேலி, சைக்கிள், பனை போதும். ஊரைக் காட்டக் கோபுரம் மட்டும் கீறினால் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள் வெளியே நிற்பார்கள். கிணறு கீறுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள், இடம்பெயர்வு பற்றிய கதை வந்தால் முகமோ துப்பாக்கியோ கீறாமல், சொன்னவரின் சொல்லையே எழுதி, "இது சரியா, இருக்கட்டுமா?" என்று அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள், படம் பிடிப்பது அதற்குப் பிறகுதான்.