வடிகஞ்சியோடு போகும் பி1, அரிசியிலேயே இல்லாத பி12

பி வைட்டமின்கள் மொத்தம் எட்டு. எட்டையும் ஒரே மாத்திரையில் அடைத்து விற்பதால், எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. சோற்றை நம்பி வாழும் நமக்கு இவற்றில் அதிகக் கவனம் தேவைப்படுபவை இரண்டு: பி1 என்னும் தயமின், அடுத்தது பி12. பி1 குறைந்தால் சில வாரங்களிலேயே உடல் காட்டிவிடும். பி12 குறைவது தெரியவரப் பல ஆண்டுகள்கூட ஆகும். ஒன்றுக்கான மருந்து அடுப்படியில் இருக்கிறது, மற்றதற்கு அங்கே தேடிப் பயனில்லை.

உண்ட மாவுச்சத்தை உடல் ஆற்றலாக மாற்ற பி1 வேண்டும். சோறு கூடக்கூட அதன் தேவையும் கூடும். உடலில் இருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் தேவை. இது நெல்லில் தவிட்டிலும் முளையிலும்தான் மிகுதி. ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 0.05 மில்லிகிராம் அளவே மிஞ்சும். தீட்டிய புழுங்கல் அரிசியில் அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். நெல்லை ஊறவைக்கும்போது தவிட்டில் உள்ள சத்து தண்ணீரோடு அரிசிக்குள் இறங்குகிறது. அவிக்கும்போது மாவு இறுகி அதை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் பச்சரிசி அளவுக்கு இழப்பு வராது.

இதை உலகம் அறிந்துகொண்டதில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்த நோய் அரிது. இந்த வேறுபாட்டை பிராடன் என்ற மருத்துவர் 1907-இல் எழுதினார். அதற்குச் சற்று முன் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நோய் கட்டடத்தைப் பற்றியதோ என்ற ஐயம் தீர, இரு பகுதியினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் அரிசியின் பின்னாலேயே போனது. 1936-இல் பி1-ஐ ஆய்வகத்தில் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். பி1 நீரில் கரையும். பச்சரிசியை நாலைந்து முறை அழுத்தித் தேய்த்துக் கழுவினால் கால் பங்குக்கு மேல் கழுநீரோடு போய்விடலாம். இரண்டு முறை அலசினால் போதும். அடுத்த இழப்பு வடிப்பதில். குக்கரில் ஒரு டம்ளர் புழுங்கலுக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைத்து முழுவதையும் வற்றவிட்டால் எதையும் கொட்ட வேண்டியதில்லை. வடித்தே பழகியவர்கள் வடிகஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கலாம், ரசத்தில் சேர்க்கலாம். பழைய சோற்றின் நீராகாரத்தைக் குடிப்பதும் இதே காரணத்தால் நல்லது.

கொண்டைக்கடலை சீக்கிரம் வேக வேண்டுமென்று சமையல் சோடா போடுவதை விட்டுவிடுங்கள். சோடாவின் காரத்தன்மையோடு சூடும் சேர்ந்தால் பி1 சிதைந்துவிடும். எட்டு மணி நேரம் ஊறவைத்தாலே சுண்டல் வெந்துவிடும்.

ஒரு நாளைக்கு 300 கிராம் புழுங்கல் அரிசி உண்டாலும் அரை மில்லிகிராம் அளவுதான் சேரும். மீதியைப் பருப்பு, பயறு, நிலக்கடலை, எள் தர வேண்டும். வெறும் ரசஞ்சோறும் அப்பளமுமாக நாள் கழிக்கும் முதியவர்களையும், குடிப்பழக்கம் உள்ளவர்களையும் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

பி12 கதை வேறு. அதை உண்டாக்குபவை பாக்டீரியா போன்ற சில வகை நுண்ணுயிரிகள் மட்டுமே. மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று பரவும் செய்தியை நம்பி இருக்க வேண்டாம். ஸ்பைருலினா என்னும் பாசிப்பொடியில் இருப்பதும் பெரும்பாலும் நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். தேவை நாளுக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம். ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம், கால் லிட்டர் பாலில் ஒன்றுக்குச் சற்று மேல். காபிக்கு ஊற்றும் பால் கணக்கில் சேராது. கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பு உள்ளதால், குறைபாடு சத்தமின்றி வளரும்.

சைவ உணவினர், அறுபதைக் கடந்தவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவர்கள், ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குபவர்கள் ஒருமுறை ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதம் மரத்தல், இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம், வழவழப்பாகச் சிவந்த நாக்கு, விரல் மூட்டுகள் கறுத்துப்போதல், மறதி ஆகியவை அடையாளங்கள். சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்தால் பழி சர்க்கரை மேலேயே விழுகிறது, பி12-ஐப் பார்ப்பதில்லை.

பரிசோதனையை மாத்திரை தொடங்கும் முன் செய்யுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200-க்கும் 300-க்கும் இடையே என்றால் பி12 குறையும்போது ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். பி12 குறைந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் அளவில் பெரிதாகும். ஆனால் இரும்புச்சத்தும் குறைந்திருந்தால் அளவு இயல்பாகவே தெரியும், நம் பெண்களிடம் இது அடிக்கடி நடக்கும். இன்னொரு பி வைட்டமினான ஃபோலிக் அமிலம் மட்டும் தனியாக எடுத்தால், பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியாகிவிடும், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும்.

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். பல பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் பி12 சில மைக்ரோகிராம்தான். குறைபாடு உள்ளவருக்கு அது போதாது. 1000 மைக்ரோகிராம் மாத்திரையோ ஊசியோ மருத்துவர் தருவார். இவ்வளவு ஏன் என்றால், உணவில் வருவதை உறிஞ்சும் வழி ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் அளவில் நிரம்பிவிடும். மிகுதியில் நூற்றில் ஒரு பங்கே கசிந்து உள்ளே போகும். அதே அட்டையில் பி6 எவ்வளவு என்றும் பாருங்கள். நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் அதுவே கை கால் மரப்பை உண்டாக்கும், சிலருக்கு அதற்குக் குறைந்த அளவிலும். சிகிச்சை தொடங்கியபின் ரத்தம் இரண்டு மாதத்தில் தேறும், நரம்புக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். நடுவில் நிறுத்திவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் பலரும் மூன்றாவது மாதத்திலேயே நிறுத்தியவர்கள்.