வரைபடத்துக்குள் அடங்காத புகார்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு விளம்பர நிறுவனத்தில், எங்கள் வாடிக்கையாளர்களின் தயாரிப்புகளைப் பற்றிச் சமூக ஊடகங்களில் மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று கண்காணிப்பது என் பணி. பெயர் எத்தனை முறை அடிபட்டது, அதில் பாராட்டு எவ்வளவு, குறை எவ்வளவு என்ற அறிக்கை நாள்தோறும் காலையிலேயே போய்விட வேண்டும். பெறுபவர்களில் பலர் வட்ட வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு, குறையைக் காட்டும் சிவப்புப் பகுதி பெருத்திருந்தால் உடனே தொலைபேசியை எடுப்பார்கள். நான் தேடுவது சிவப்பின் அளவை அல்ல; சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விவரத்தோடு எழுதியவர் அதற்குள் யாரேனும் இருக்கிறாரா என்பதைத்தான்.

தீபாவளி நெருங்கிய வேளையில், மசாலாவும் மாவு வகைகளும் தயாரிக்கும் ஒரு நிறுவனம் வெளியிட்ட விளம்பரத்தில் மாமியார் மருமகளை அதட்டும் காட்சி பலருக்குப் பிடிக்கவில்லை. டிக்டாக்கில் அதைக் கேலி செய்த காணொளிகள் குவிந்தன, நிர்வாகம் ஆடிப்போய்விட்டது. அதே நாட்களில் கிள்ளானைச் சேர்ந்த ஒரு பெண்மணி, அந்த நிறுவனத்தின் மாவில் முறுக்கைப் பிழிந்து எண்ணெயில் போட்டதும் உதிர்ந்துவிடுகிறது என்றும், தண்ணீரும் வெண்ணெயும் வழக்கமான அளவுதான் என்றும் முகநூலில் எழுதி, பொட்டலத்தின் பின்புறமிருந்த தொகுதி எண்ணையும் (பேட்ச் நம்பர்) படமெடுத்துப் போட்டிருந்தார். அதை யாரும் பெரிதாகப் பகிரவில்லை. பதிவுகளைத் தானாக எண்ணும் எங்கள் கண்காணிப்புக் கருவியின் கணக்கில் அது ஒரே ஒரு குறை, கேலிக் காணொளி ஒன்றுக்குச் சமம்.

அந்தப் படத்தை மட்டும் ஆலை மேற்பார்வையாளருக்குத் தனியே அனுப்பினேன். மாலையில் அவரே அழைத்தார். “அந்தம்மா சொன்னது சரிதான் தம்பி. சல்லடை ஓரத்துல கிழிஞ்சிருக்கு, அரிசி மாவு கொரகொரன்னு விழுந்திருக்கு.” அந்தத் தொகுதியில் விற்காமல் எஞ்சிய பொட்டலங்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். விளம்பரச் சர்ச்சையோ, வேறொரு சர்ச்சை வந்ததும் தானாக ஓய்ந்தது.

கருவிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. நம் ஊர்ப் பேச்சு அவற்றுக்குப் பிடிபடுவது கடினம். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். அத்தனை வடிவங்களையும் தேடலில் சேர்க்காவிட்டால் பாதிப் பேச்சு கண்ணில் படாது. ‘செடாப் கிலா’ (அபாரச் சுவை) என்று மலாயில் ஒருவர் மனதார மெச்சினால், ‘பைத்தியம்’ என்ற பொருளுள்ள சொல்லைக் கண்டு கருவி அதைக் குறையில் சேர்த்துவிடும். எக்ஸ் தளம் 2023இல் இலவசமாகத் தரவு எடுக்கும் வசதியைப் பெரிதும் சுருக்கியது. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனமோ, பொதுப் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்ட்டில் மூடியேவிட்டது. மூடிய முகநூல் குழுக்களும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களின் குரல் பதிவுகளும் எந்தக் காலத்திலும் எங்கள் பார்வைக்கு எட்டியதில்லை. நம் குடும்பங்கள் எந்த மாவு நல்லது என்று பேசிக்கொள்வதோ அங்கேதான். ஆகவே மஸ்ஜித் இந்தியா பகுதிக் கடைகளுக்குச் சரக்குப் போடும் விற்பனைப் பிரதிநிதிகளிடம், கடைக்காரர்கள் காதில் என்ன விழுகிறது என்று வாரந்தோறும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஹலால் சான்றிதழ் பற்றிய வதந்தி ஒன்று எங்கள் கருவியில் தென்படும் முன்பே அவர்கள் வழியாகத்தான் தெரிந்தது. மலேசியாவில் ஹலால் சான்றிதழ் வழங்கும் அரசுத் துறையான ஜாக்கிமின் ஹலால் இணையத்தளத்தில் சான்றிதழின் நிலையைப் பார்த்து உறுதிசெய்த பிறகே பதில் எழுதினோம்.

பதில் எழுதுவதிலும் இதே அளவுகோல்தான். எல்லாருக்கும் ஒரே வருத்தச் செய்தியை ஒட்டிக்கொண்டே போவதை நான் வெறுக்கிறேன். படிப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. கிள்ளான் பெண்மணிக்குச் சல்லடை கிழிந்திருந்த செய்தியையே நேரடியாக எழுதச் சொன்னேன். நிர்வாகம் தயங்கித்தான் ஒப்புக்கொண்டது.

இப்போது என் அறிக்கையின் முதல் பக்கத்தில், தொகுதி எண், கடை, தேதி என ஏதேனும் ஒரு பிடி உள்ள புகார்களை முழுமையாகத் தருகிறேன். வரைபடம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. சில வாடிக்கையாளர்கள் அதை மீண்டும் முன்னால் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். மாவு நிறுவனம் முதல் பக்கத்தை நேரே ஆலைக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறது.