வெளுத்துப்போன ரசீது

"ரசீது இல்லாம போட முடியாது தம்பி." நான் சொன்னது இவ்வளவுதான். மலேசியாவில் மற்றவர்களுக்கு வருமான வரிப் பாரம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். சட்டப்படி அதில் தப்பே இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை இன்னும் மனசில் கிடந்து உறுத்துகிறது.

2024 ஏப்ரல் கடைசி வாரம். பீடோங் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பி அவன். முந்தின வருஷம் ஓவர்டைம் நிறைய செய்திருந்தான், அந்த வருமானத்துக்குத்தான் கணக்கு. எல்லாக் கழிவும் போக, வரிக்குரிய வருமானம் 35,200 வெள்ளி (ரிங்கிட்) என்று வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசையும். 35,000க்குள் நின்றால் வரியில் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு, தாண்டினால் கிடையாது. 35,000 சம்பாதித்தவனுக்கு வரி 200 வெள்ளி. இவனுக்கோ 612. கூட வந்த 200 வெள்ளிக்கு 412 வெள்ளி கூடுதல் வரி.

"கைப்பேசி வாங்கினேனே அக்கா, 700 வெள்ளிக்கு. அதைப் போடலாம்னு சொன்னாங்களே?"

போடலாம். வருமானத்தில் அந்த 700ஐக் கழித்துப் போட்டால் வரி 185 வெள்ளிக்கு இறங்கிவிடும். மைலோ டின்னைத் திறந்து ரசீதை எடுத்துக் கொடுத்தான். வெறும் வெள்ளைத்தாள். கடைப் பெயரில் பாதி மட்டும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தேதியும் இல்லை, தொகையும் இல்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவன் வாதாடவில்லை. "சரிக்கா" என்று டின்னை மூடிக்கொண்டான்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். சுங்கைப் பட்டாணிப் பக்கம் 1996ல் வாங்கிப் போட்ட ஆறு ஏக்கர் பால்மரக் (ரப்பர்) காட்டை 18 லட்சம் வெள்ளிக்கு விற்றிருந்தார். அவருடைய கோப்பை அரைமணி நேரம் புரட்டினேன். கிராண்டில் (நிலப் பட்டாவில்) உள்ள பெயர், வாங்கிய தேதி, ஒப்பந்தத் தேதி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். குடிமகன் ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நில விற்பனை லாபத்துக்கு வரி கிடையாது. 2019 முதல் 2021 வரை 5 விழுக்காடு இருந்தது, 2022ல் எடுத்துவிட்டார்கள்.

"எவ்வளவும்மா கட்டணும்?" காசோலைப் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஒன்னும் இல்லைங்கையா."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நான் ஒன்னுமே செய்யலையேம்மா. மரத்தைக்கூட ஆள் விட்டு வெட்டல. பக்கத்துல ரோடு வந்துச்சு, தொழிற்பேட்டை வந்துச்சு, விலை தானா ஏறிச்சு. அதுல கொஞ்சம் கேட்டா குடுக்க வேண்டியதுதானே?"

"சட்டமே கேக்கல, நீங்க ஏன் குடுக்கணும்?" என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன், பெருமையாகவும் இருந்தது. வாடிக்கையாளருக்குப் பூஜ்யம் காட்டுவதுதானே எங்கள் தொழிலில் திறமை.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. தம்பி கைப்பேசி வாங்கிய கடை தாமானில் (குடியிருப்புப் பகுதியில்)தான் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நகல் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். வங்கிக் கணக்கிலும் தேடியிருக்கலாம். இணையம் வழி அனுப்ப மே 15 வரை அவகாசம் இருந்தது. பெரியவருக்கு அரைமணி நேரம் கொடுத்த நான், தம்பிக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. மறுநாள் காலையில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவன் வந்த அன்று மத்தியானமே அவனுடைய பாரத்தை அனுப்பிவிட்டேன். அடுத்த ஆள் காத்திருந்தார்.

நான் செய்தது முறைதான் என்று இன்றும் சொல்வேன். ஆதாரங்களை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். தணிக்கை வந்தால் அபராதம் அவன் தலையில்தான் விழும். இல்லாத ரசீதை இருப்பதாக நான் எழுதமாட்டேன். ஆனால் தேடிப் பார்க்காமல் இல்லை என்று முடிவு கட்டியதும் முறையா?

பணக்காரர்கள் கூடுதலாக வரி கட்ட வேண்டும் என்று நினைப்பவள் நான். இங்கே 20 லட்சம் வெள்ளிக்கு மேல் போகும் வருமானத்துக்கு 30 விழுக்காடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வருமானத்துக்கு. நிலமாகவும் பங்காகவும் கிடக்கிற சொத்து வேறு வழியாகப் போய்விடுகிறது. இறந்தவர் சொத்துக்கான வரியை 1991லேயே எடுத்துவிட்டார்கள். 2025 முதல் 100,000 வெள்ளிக்கு மேற்பட்ட பங்கு லாப ஈவுக்கு (டிவிடெண்டுக்கு) 2 விழுக்காடு வந்திருக்கிறது. நிறுவனம் ஏற்கெனவே வரி கட்டிய பணம்தானே அது என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் தம்பி ராத்திரி ஷிப்டில் நின்று சம்பாதித்த அந்தக் கடைசி 200 வெள்ளிக்கு 6 விழுக்காடு. தள்ளுபடி போனது தனி.

பட்ஜெட் நேரத்தில் இதையெல்லாம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் பேசுகிறவள் நான். கொடுக்கத் தயாராக ஒருவர் காசோலையோடு வந்தபோது வேண்டாம் என்று சொன்னதும் நானேதான். அவரிடம் வாங்குவதற்கு எனக்கு அதிகாரமில்லை, அது உண்மை. ஆனால் "நீங்க சொல்றது சரிதாங்கையா" என்றாவது சொல்லியிருக்கலாம்.

போன வருஷம் தம்பி மறுபடி வந்தான். மைலோ டின் இல்லை, பிளாஸ்டிக் கோப்பு. ஒவ்வொரு ரசீதையும் வாங்கிய அன்றே நகல் எடுத்து, தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தான். இணையக் கட்டணம், மகளின் புத்தகங்கள், எல்லாம் இருந்தது. "இது போதுமா அக்கா?"

போதும் என்றேன். அன்று அவன் கூடுதலாகக் கட்டிய அந்த 427 வெள்ளியைப் பற்றி அவனிடம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். பேசவில்லை.